சோம்பேறி இல்லீங்க, தைராய்டு!

எங்க அக்காவுக்கு ரெண்டு வருஷமா ஓயாத அசதி. உடம்பு ஊதிப்போச்சு, முடி கொட்டுச்சு, மாதவிலக்கும் தாறுமாறு. 'வேலை செய்ய சோம்பல்'னு வீட்டுல ஒரே பேச்சு (நானும்தான் பேசினேன்). கடைசியில ரத்தப் பரிசோதனை செஞ்சு பார்த்தா, தைராய்டு குறைவு! அப்புறம்தான் இதோட சரித்திரத்தைத் தேடிப் படிச்சேன்.

1873-ல் லண்டனில் வில்லியம் கல் என்ற மருத்துவர், இதே மாதிரி மந்தமும் வீக்கமுமாக இருந்த பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். காரணம் பிடிபடவில்லை. 1883-ல் சுவிட்சர்லாந்தின் தியோடர் கோக்கர், கழுத்துக் கழலைக்காகத் தைராய்டை முழுசா வெட்டி எடுத்த தன் நோயாளிகள் பலர் அதே கதிக்கு ஆளானதைச் சொன்னார். முடிச்சு அவிழ்ந்தது அங்கேதான்.

1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே, ஆட்டுத் தைராய்டுச் சாற்றை 46 வயசுப் பெண்மணி ஒருவருக்கு ஊசியாகப் போட்டார். மந்தம் விலகியது. பிறகு அதே சாற்றை வாய்வழியாக எடுத்துக்கொண்டு, 1919 வரை, 74 வயசு வரை வாழ்ந்தார். செலவான ஆடுகள் 870-க்கும் மேல்!

சரி, மாதவிலக்கு ஏன் கெடுது? தைராய்டு சுரப்பு குறைஞ்சா, மூளை அதைத் தூண்டிவிடப் பார்க்கும். அந்தத் தூண்டுதல் புரோலாக்டினையும் கூட்டிவிடும். அது கூடினா கருமுட்டை வெளியாவது தடுமாறும்.

அக்கா இப்ப தினமும் காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை போடறா. ஆடு எதுவும் வேண்டாம். வீட்டுல யாரையாவது சோம்பேறின்னு சொல்றதுக்கு முன்னாடி, ஒரு டி.எஸ்.எச். பார்த்துடுங்க மக்களே.