செவித்திறன் குறையுடைய மாணவர்க்கு அறிவியல் கற்பித்தல்

பிறவியிலோ சிறு வயதிலோ கேட்கும் திறனை இழந்த பிள்ளைகளுக்கு உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களை நடத்தும் முறைகளும், தமிழ்நாட்டில் அவை வளர்ந்த வகையும் இங்கே கூறப்படுகின்றன. விழுப்புரம், திண்டிவனம் பகுதி பற்றிய குறிப்பு கட்டுரையின் பிற்பகுதியில் உள்ளது. இவர்களுக்கான பள்ளிகளை மக்கள் ‘காது கேளாதோர் பள்ளி’ என்றே நெடுங்காலம் அழைத்தனர். ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் 2010ஐ ஒட்டி அரசு வழக்கில் நிலைபெற்றது.

அறிவியல் கண்ணாலும் கையாலும் கற்கப்படும் பாடம். அதனால் காது கேளாத பிள்ளைக்கு மற்றப் பாடங்களைவிட இது எளிது என்று சொல்வதுண்டு. இக்கருத்தில் பாதிதான் உண்மை. கேட்கும் மாணவன் சோதனைக் குழாயைப் பார்த்துக்கொண்டே ஆசிரியர் சொல்வதைக் கேட்கிறான். கேளாத மாணவனுக்குக் குழாயைப் பார்க்கவும், ஆசிரியரின் கையையோ உதட்டையோ பார்க்கவும் இருப்பது ஒரே கண்தான். தரம் பார்த்தலில் ஒரு சொட்டில் நிறம் மாறும் அந்த நொடியில் ஆசிரியர் விளக்கிக்கொண்டிருந்தால், மாணவன் விளக்கத்தைப் பெறுவான், நிறமாற்றத்தை இழப்பான். இக்கல்வியின் சிக்கல்கள் பலவற்றுக்கு வேர் இங்கே இருக்கிறது.

தொடக்கம்

இந்தியாவில் காது கேளாதோர்க்கான முதல் பள்ளி 1880களின் நடுவில் மும்பையில் தோன்றியது. 1884 என்றும் 1885 என்றும் இருவகைக் குறிப்புகள் உண்டு. கொல்கத்தா பள்ளி 1893இல் தொடங்கியது. தமிழகத்தில் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவெய்ன்சன் என்ற மிஷனரி அம்மையார் தொடங்கிய பள்ளியே மூத்தது. அதன் தொடக்க ஆண்டாக 1895 பரவலாகச் சொல்லப்படுகிறது. 1897 என்று குறிப்போரும் உளர். பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது. சென்னையில் லிட்டில் பிளவர் கான்வென்ட் பள்ளி 1926இலும், அடையாறு செயின்ட் லூயிஸ் நிறுவனம் 1960களிலும் வந்தன. மழலைப் பருவத்திலேயே பேச்சுப் பயிற்சி தரும் பால வித்யாலயா 1969இல் தொடங்கியது. இப்பள்ளிகளின் முதல் அரை நூற்றாண்டில் எழுத்து, கணக்கு, தையல், தச்சு, அச்சுக்கோப்பு ஆகியவையே முதன்மை பெற்றன. கைத்தொழில் கற்றால் பிழைத்துக்கொள்வான் என்பதே அன்றைய அக்கறை.

1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய மாநாடு, காது கேளாதோர்க்குப் பேச்சு வழியாகவே கற்பிக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானித்தது. கூடியவர்களில் மிகப் பெரும்பாலோர் கேட்கும் திறனுள்ளவர்கள். அத்தீர்மானத்தின் நிழல் உலகெங்கும் நூறாண்டுக்கு மேல் விழுந்தது. நம் பள்ளிகளும் தப்பவில்லை. வகுப்பில் பிள்ளைகள் உதட்டைப் பார்த்துப் படித்தார்கள். மாலையில் விடுதி வராந்தாவில் பெரிய பிள்ளைகளிடமிருந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சைகை கைமாறியது. இன்று தமிழ்நாட்டில் வழங்கும் சைகை மொழி உயிரோடு இருப்பதற்கு அந்த வராந்தாக்களுக்கே நன்றி சொல்ல வேண்டும். 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மரபின் மாநாடு மிலான் தீர்மானங்களைக் கைவிட்டு வருத்தம் தெரிவித்தது.

உதடும் சொல்லும்

உதட்டசைவை மட்டும் நம்பித் தமிழில் அறிவியல் படிப்பது எவ்வளவு கடினம் என்பதை ஒரு கண்ணாடி முன் நின்று யாரும் சோதித்துப் பார்க்கலாம். ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கிறது. ‘படம்’ என்றாலும் ‘மடம்’ என்றாலும் காட்சி ஒன்றே. ‘மின்னோட்டம்’ என்று ஆசிரியர் சொல்வது, பார்க்கும் பிள்ளைக்குப் ‘பின்னோட்டம்’ என்றும் படும். க தொண்டைப் பக்கம் பிறப்பதால் வெளியே தெரிவதில்லை. ‘காற்று’, ‘நாற்று’ இரண்டையும் பிரித்தறிவது கடினம். ல, ள, ழ மூன்றும் வாய்க்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகின்றன. ஆசிரியர் கரும்பலகை பக்கம் திரும்பினால் உதடு இல்லை. ஒளியியல் சோதனைக்கு விளக்கை அணைத்தால் உதடும் இல்லை, சைகையும் இல்லை. கொரோனாக் காலத்தில் முகக்கவசம் வந்தபோது பகலிலேயே அந்த இருட்டு வந்தது.

சொற்களின் கதை இன்னும் விரிவானது. ‘செல்’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். உயிரியலில் அது உடலின் அடிப்படை அலகு. கடைத்தெருவில் பேட்டரிக்கட்டை. சட்டைப்பையில் கைபேசி. தமிழ் வகுப்பில் ‘போ’ என்று பொருள். எழுத்தெழுத்தாக விரலால் காட்டும் விரலெழுத்தில் நான்கும் ஒன்றே. சைகையில் நான்கும் வேறு வேறாக இருந்தாக வேண்டும். சைகை தேர்வோர் பொருளை முடிவு செய்துகொண்டே கையை உயர்த்த வேண்டியிருப்பதால், நல்ல சைகை ஒன்று அரைப்பக்க விளக்கத்துக்குச் சமமாகிறது. ‘விசை’, ‘ஆற்றல்’, ‘திறன்’ ஆகியவற்றை வீட்டுத் தமிழில் ஏறக்குறைய ஒன்றாகவே புழங்குகிறோம். இயற்பியலில் மூன்றும் மூன்று அலகுகளில் அளக்கப்படுபவை. தலையில் மூட்டையோடு அசையாமல் நிற்பவர் ‘வேலை’ செய்யவில்லை என்று பாடநூல் சொல்லும்போது கேட்கும் பிள்ளையே திகைக்கிறது. தமிழை எழுத்து வழியாக இரண்டாம் மொழிபோலக் கற்கும் பிள்ளைக்கு இந்தத் திகைப்பு இருமடங்கு.

இவ்விடத்தில் தமிழ் அறிவியல் கலைச்சொற்களின் வரலாற்றை நினைப்பது பொருந்தும். 1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கியபோது, தமிழில் வேதியியல் எழுத முடியுமா என்ற ஐயம் படித்தவர்களிடமே இருந்தது. 1930களின் இறுதியில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் தொகுதியை வெளியிட்டது. பிராணவாயு, உயிர்வளி, ஆக்சிஜன், இலங்கையில் ஒட்சிசன் என்று ஒரே வாயுவுக்குப் பல பெயர்கள் போட்டியிட்டன. போட்டி இன்னும் முழுவதும் ஓய்ந்துவிடவில்லை. சைகை மொழி இன்று நிற்பது ஏறத்தாழ அந்த 1916ஆம் ஆண்டு வாசலில். ஒரு பள்ளியில் ஒளிச்சேர்க்கைக்கு ஒரு சைகை, அடுத்த ஊரில் வேறு சைகை என்பதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. வளரும் மொழியில் சொற்கள் இப்படித்தான் முளைக்கின்றன என்பதற்குத் தமிழே சான்று.

இந்தியச் சைகை மொழியை மொழியியல் முறைப்படி முதலில் ஆராய்ந்தவர்கள் மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்ட், கிர்க் வில்சன் ஆகியோர். இவர்களுள் வசிஷ்டா காது கேளாதவர். இமாசலப் பிரதேசச் சிற்றூரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியரானவர். 1970களின் பிற்பகுதியில் தில்லி, கொல்கத்தா, மும்பை, பெங்களூரு நகரங்களின் சைகைகளை ஒப்பிட்டு, சுமார் 75 விழுக்காடு தம்முள் உறவுடையவை என்று கண்டனர். நான்கு நகரங்களில் சென்னை இல்லை. நாடு முழுவதும் உள்ளது ஒரே மொழியா, உறவுடைய பல மொழிகளா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. இலக்கணம் பெரிதும் ஒன்று, சொற்களில்தான் வேறுபாடு என்பது மொழியியலாளர் உல்ரிகே செஷான் முதலியோர் கருத்து. 2001இல் கோவை இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இந்தியச் சைகை அகராதி ஒன்றை வெளியிட்டது. தமிழ் மண்ணில் நடந்த இப்பணி இன்னும் பரவலாக அறியப்பட வேண்டியது.

2015 செப்டம்பர் 28இல் தில்லியில் இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் நிறுவப்பட்டது. அதன் அகராதி 2018இல் 3,000 சொற்களோடு வந்து, 2019இல் 6,000 ஆகி, 2021 பிப்ரவரியில் 10,000 ஆனது. அன்றாடச் சொற்களோடு கல்வி, மருத்துவம், சட்டம், வேளாண்மை, தொழில்நுட்பச் சொற்களும் அதில் உண்டு. 2020 அக்டோபரில், தேசிய அளவிலான என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களைச் சைகை மொழியில் தர அம்மையம் உடன்பாடு செய்துகொண்டது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடப்பது மாநிலப் பாடநூல். எனவே அந்தக் காணொளிகளை இங்குள்ள வகுப்புக்குப் பக்கத்துக்குப் பக்கம் பொருத்த முடியாது. ஆசிரியர்தான் தேடி இணைக்க வேண்டும்.

ஒலியியல் பாடம்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘ஒலியியல்’ ஒரு தனி அலகு. எதிரொலியை ஒருபோதும் கேட்டிராத மாணவி, ஒலியின் வேகம் நொடிக்கு 344 மீட்டர், செவியில் ஒலி தங்கும் நேரம் 0.1 நொடி, ஆகவே எதிரொலி கேட்கக் குறைந்தது 17.2 மீட்டர் தொலைவு வேண்டும் என்று கணக்குப் போட்டு மதிப்பெண் பெறுகிறாள். இப்பாடத்தை விட்டுவிடலாம் என்ற கருத்து தவறு. ஒலி அதிர்வு, அதிர்வைத் தோல் அறியும். பறையின் தோல்மீது கேழ்வரகைத் தூவித் தட்டினால் மணிகள் எழும்பித் துள்ளுகின்றன. தட்டிய இசைக்கவையின் முனையைக் கிண்ணத்து நீரில் வைத்தால் நீர் தெறிக்கிறது. ஊதிய பலூனை நெஞ்சோடு அணைத்து ஒலிபெருக்கி முன் நின்றால், தாழ்ந்த சுருதி உள்ளங்கையில் உறுமுகிறது; சுருதி உயர உயர அந்த உறுமல் மெலிந்து மறைகிறது. இதை ஒருமுறை உணர்ந்த பிள்ளை அதிர்வெண் என்ற சொல்லை மறப்பதில்லை. கேட்கும் பிள்ளைகளுக்கும் பாடம் இப்படி நடந்தால் நல்லது.

குழாயையும் ஆசிரியரையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாத சிக்கலுக்குச் செயல்முறையில் தேறிய வழி எளியது: முதலில் விளக்குவது, பிறகு கையைக் கீழே விட்டுவிட்டுச் சோதனையைச் செய்வது, பிறகு மீண்டும் விளக்குவது. ஒரு பாடவேளையில் முடிவதற்கு ஏறக்குறைய இரண்டு பாடவேளை ஆகும். அந்த நேரத்தைக் கால அட்டவணை தருவதில்லை.

தேர்வும் மேற்படிப்பும்

1974இன் ஒருங்கிணைந்த கல்வித் திட்டமும், 1995, 2016ஆம் ஆண்டுகளின் மாற்றுத்திறனாளிகள் சட்டங்களும் இப்பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகளுக்குள்ளும் கொண்டுவந்தன. மாநிலப் பொதுத்தேர்வில் இவர்களுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் கூடுதல் நேரமும் உண்டு. விலக்கு பெரும் நிம்மதி தந்தது என்பர் ஒரு சாரார். ஆங்கிலத்தை விட்டதால் உயர் அறிவியலின் கதவு சாத்திக்கொண்டது என்பர் மற்றொரு சாரார். பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் 100 மதிப்பெண்ணில் 25 செய்முறைக்கு உரியது. இது கண்ணும் கையும் தேர்ந்த பிள்ளைகளுக்கு உதவுவது. ஆயினும் மேல்நிலை வகுப்புகளில் இவர்களுக்கு வணிகவியல், தொழிற்கல்விப் பிரிவுகளே பெரிதும் கிடைத்துவந்துள்ளன. சென்னை மாநிலக் கல்லூரியில் இவர்களுக்கெனத் தொடங்கப்பட்டவையும் பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகளே.

அறிவியலுக்குக் காது தடையில்லை என்பதற்கு உலக வரலாற்றில் சான்றுகள் பல. அல்கோல் விண்மீன் சீரான கால இடைவெளியில் மங்கித் தெளிவதை அளந்து, 1783இல் கோப்ளி பதக்கம் பெற்ற ஜான் குட்ரிக் காது கேளாதவர். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. இராக்கெட் இயலின் முன்னோடி சியோல்கோவ்ஸ்கி பத்து வயதளவில் செவித்திறனை இழந்தவர். ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜான் கான்ஃபோர்த் கல்லூரியில் விரிவுரைகளைக் கேட்க முடியாமல் நூல்களைப் படித்தே வேதியியல் கற்று, 1975இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இப்பெயர்கள் நம் பாடநூலில் வரும்போது, அவர்கள் கேளாதவர்கள் என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விழுப்புரம், திண்டிவனம் பகுதி

1993இல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்து உருவான விழுப்புரம் மாவட்டம், 2019இல் கள்ளக்குறிச்சி பிரிந்தபின் இன்றைய எல்லையை அடைந்தது. கண்ணால் கற்கும் அறிவியலுக்கு இம்மாவட்டம் ஒரு திறந்தவெளி ஆய்வகம். மரக்காணம் உப்பளத்தில் கடல்நீர் பாத்தி பாத்தியாக மாறி, நீர் வற்றி, உப்பு பூப்பதை நடந்தே பார்க்கலாம். ஆவியாதலும் படிகமாதலும் பாடநூலில் வெறும் சொற்கள், இங்கே காலில் உறுத்தும் பொருள்கள். வானூர் வட்டத்துத் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையுள்ள கல்மரங்கள் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சோனரா 1781இல் அவற்றைப் பற்றி எழுதினார். தொட்டால் கல், பார்த்தால் மரம். பட்டையின் வரியும் கணுவும் அப்படியே உள்ளன. புதைபடிவம் என்றால் என்ன என்று சைகையில் விளக்குவதைவிட அதன்மேல் ஒரு பிள்ளையின் கையை வைப்பது மேல்.

திண்டிவனத்துக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் வேர்க்கடலை இரகங்கள் டி.எம்.வி. என்ற எழுத்துகளைத் தாங்கி வருகின்றன; அவ்வெழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. ஈரமுள்ள நாளில் ஒரு வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கினால் ஒரு மாத உயிரியல் பாடம் கையில் வந்துவிடும். மஞ்சள் பூ மேலே, பூத்தபின் விழுது மண்ணைத் தேடி இறங்குகிறது, காய் மண்ணுக்குள். வேரில் கடுகளவு முடிச்சுகள். நகத்தால் ஒன்றைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு: பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கும் இடம் அதுவே என்பதற்கு அந்நிறமே அடையாளம். இதில் காதுக்கு வேலை எதுவும் இல்லை.

பொதுப் பள்ளிகளில் படிக்கும் செவித்திறன் குறையுடைய பிள்ளைகளுக்கு வட்டார வள மையங்களின் சிறப்பாசிரியர்கள் துணை செய்கின்றனர். ஒருவரே பல பள்ளிகளுக்குச் செல்வது வழக்கம். சிறு வயதில், கேட்க உதவும் காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட பிள்ளைகள் இப்போது உயர்நிலை வகுப்புகளுக்கு வந்துகொண்டிருக்கின்றனர். 2024 டிசம்பர் 6இல் சைகை மொழிக்கென, மத்திய அரசின் கல்வித் தொலைக்காட்சியான பி.எம். இ-வித்யாவின் 31ஆம் அலைவரிசை தொடங்கப்பட்டது.

இப்பகுதி வகுப்பறைகளில் பிள்ளைகளே உருவாக்கிக்கொண்ட அறிவியல் சைகைகள் இதுவரை அகராதி ஏறவில்லை. ஆசிரியர்களும் பெற்றோரும் பிள்ளைகளின் ஒப்புதலோடு அவற்றைக் கைபேசியில் படமெடுத்து, ஊர், ஆண்டு, பாடம் குறித்து வைக்குமாறு வேண்டுகிறோம்.