இளவேனிலும் ஏர்பிடித்தவனும்

மா தளிர்த்தது, வேம்பு பூத்தது, குயில் கூவிற்று, தென்றல் தவழ்ந்தது! சித்திரை, வைகாசித் திங்கள்களை இளவேனில் என அழைத்து, இப்படித்தான் பாடினர் நம் பாவலர். பாடட்டும், பருவத்தின் அழகைப் பாடுவது பழியன்று. ஆனால், அந்தத் தென்றல் வீசிய நாட்களிலே, பொன்விளையும் பூமி எனப் புகழப்பட்ட தஞ்சைத் தரணியில், ஏர்பிடித்த கரங்கள் என்ன செய்துகொண்டிருந்தன? மன்னர் வரலாறு இதைச் சொல்லவில்லை. மக்கள் வரலாறு சொல்லியாக வேண்டும்.

காவிரிப் படுகையிலே உழவனின் ஆண்டு, ஆற்றுநீரைப் பின்பற்றுவது. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தபின், ஜூன் 12-இல் திறப்பதும் ஜனவரி 28-இல் அடைப்பதும் வழக்கமாயின. தையிலே சம்பா அறுவடையாகும். பங்குனி பிறந்தால் ஆறு மணற்காடு, வாய்க்கால் வெடித்த மண்.

வேலை ஓய்ந்துவிடுமோ? இல்லை! சம்பாத் தாள் நிற்கும்போதே ஈர வயலில் தூவிய உளுந்தும் பயறும் முற்றிவிடும். வெயில் ஏறினால் நெற்று வெடிக்குமென, பெண்கள் விடியுமுன்னே வயலில் இறங்கிச் செடி பறிப்பர். இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுவர். எருவண்டி நகரும்; வரப்பு வெட்டப்படும்; கோடை மழை இரண்டு பெய்தால் புழுதி உழவு நடக்கும். வாய்க்கால் தூர் எடுக்க வேண்டும். குடிமராமத்து என்பர் அதனை. 1858-இல் வெள்ளையர் ஆட்சி கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்றை இயற்றி, அந்த வழக்கத்துக்கு வலுவூட்டிற்று. கடமை ஊருக்கு, மண்வெட்டி பண்ணையாளுக்கு!

உழைப்பு உண்டு, உணவோ? களத்திலே பெற்ற நெல் கரைந்துவிடும். குளம் வற்ற வற்ற, நத்தையும் நண்டும் தேடுவர் சேரிச் சிறுவர். வயல் வரப்பிலே எலிவளையைத் தோண்டி, எலி சேர்த்துவைத்த நெற்கதிரை எடுத்துவந்து குத்திக் கஞ்சி வைப்பாள் தாய். நாட்டுக்கே நெல் ஈந்தவன், எலியிடம் நெல் பெற்றான்! இதைவிடக் கொடிய நையாண்டி வேறெங்கே உண்டு?

சித்திரையிலே நல்லேர் பூட்டும் நாள் வரும். மாட்டுக்குப் பொட்டிட்டு, கலப்பைக்குப் பூச்சூட்டி, ஆண்டின் முதற்சாலை ஓட்டுவர். பழமையான வழக்கந்தான், பொன்னேர் பூட்டி ஏர்மங்கலம் பாடிய உழவரைச் சிலப்பதிகாரத்து நாடுகாண் காதை இதே காவிரிக் கரையிலே காட்டுகிறது. கலப்பைக்கு மங்கலம் பாடிய நாடு, கலப்பை பிடித்தவனை எங்கே வைத்தது? 1010-இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டைப் படியுங்கள். வரி நீக்கப்பட்ட நிலங்களை அடுக்கும்போது, பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் அது பொறித்துவைத்திருக்கிறது. விமானம் வானளாவ எழுந்த அதே நாளில், சேரி ஊருக்கு வெளியே நின்றது. கல்லே சான்று!

இளவேனில், மணவினைப் பருவமுங்கூட. இங்கேதான், தோழர்களே, விலங்கு பூட்டப்பட்டது. மகனுக்குத் திருமணம்; கையிலே காசில்லை. தாலிக்கும் துணிக்கும் விருந்துக்கும் மிராசுதாரிடம் கைநீட்டினான் தந்தை. வாங்கிய கடனுக்கு ஈடு, மகனின் தோள்! மணமேடையை விட்டு இறங்கிய இளைஞன், மறுநாள் பண்ணையாளாகக் கலப்பை பிடித்தான். அடிமை மீதான உரிமையை நீதிமன்றம் ஏற்காது என 1843-இலேயே சட்டம் வந்தது. ஆனால், கடன் என்ற பெயரிலே அதே அடிமைத்தனம் தொடர்ந்தது. ஓடிவிடலாமே எனில், எங்கே ஓடுவான்? அவன் குடிசை நின்ற மண்ணும் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால், கூலியோடு கூரையும் போகும்.

இத்தனைக்கும் அவனுக்குச் சொல்லப்பட்ட காரணம் என்ன? தலைவிதி! முற்பிறப்பின் பயன்! சவுக்கு முதுகைத்தான் புண்ணாக்கிற்று; இந்தச் சொல்லோ நெஞ்சையே கட்டிப்போட்டது.

கட்டு தானாக அவிழவில்லை. 1940-களிலே விவசாயத் தொழிலாளர் சங்கம் கண்டு, சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்து நிமிர்ந்தனர் உழைப்பாளர். 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாள் என்ற பெயரையே நீக்கி, அன்றாடக் கூலியாக்கிச் சட்டத்துக்குத் தப்பினர் நிலவுடைமையாளர் பலர். கூலி உயர்வு கேட்டதற்கு விடையாக, 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியிலே ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. அந்தச் சாம்பலுக்குப் பின்னரே 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது. 1971-இல் வந்த குடியிருப்புச் சட்டம், குடிசை நின்ற மண்ணைக் குடியிருந்தவனுக்கே உரிமையாக்கிற்று. 1976-இல் கொத்தடிமை முறையே நாடெங்கும் ஒழிக்கப்பட்டது.

இவற்றோடு 1967-இல் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். புரோகிதர் வேண்டா, சடங்கு வேண்டா, மாலையோ மோதிரமோ மாற்றினாலே மணம் செல்லும் என்றது அது. நகரத்தாருக்கு அது கொள்கை. சேரி உழவனுக்கோ, மகனின் தோளை அடகு வைக்காமலே மணமுடிக்க ஒரு வழி! சிக்கனமும் பகுத்தறிவும் ஒன்றாய்ச் சேரும் இடம் இது.

இன்றும் சித்திரை வருகிறது, வேம்பு பூக்கிறது. வட்டிக்கு வாங்கி வாணவேடிக்கையோடு மணம் நடத்தும் வீடுகள் ஊருக்கு ஊர் உள்ளன. மிராசுதார் இருந்த இடத்திலே வேறு கடன்காரர் அமர்ந்துவிட்டால், நாம் வென்றது என்ன? சட்டம் வெளி விலங்கை உடைத்தது. விதி என்னும் உள் விலங்கையும், வீண் ஆடம்பரம் என்னும் பூச்சூட்டிய விலங்கையும் உடைக்கவேண்டியவர்கள், இளைஞர்களே, நீங்கள்தாம். அடுத்த இளவேனிலிலே உங்கள் தெருவில் நடக்கும் திருமணம் ஒன்றேனும் கடனின்றி நடக்கட்டும். குயிலின் பாட்டு அன்றுதான் உழவனின் செவிக்கும் இனிக்கும்!