தப்பால் பை முதல் பிங் வரை: மலையகத் தோட்டங்களின் தொடர்பு வரலாறு

இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தோட்டம் ஒன்றுக்குச் செய்தி எவ்வளவு விரைவில் வந்து சேரும் என்பதை இரண்டு தூரங்கள் தீர்மானித்து வந்திருக்கின்றன. ஒன்று, கடல் கடந்து மலையடிவாரம் வரை வரும் நெடுந்தூரம். மற்றது, ரயில் நிலையத்திலோ தபால் கந்தோரிலோ இறங்கிய செய்தி தொழிலாளரின் வரிசை வீடான லயத்து வாசலை அடைவதற்குள்ள சில மைல். இருநூறு ஆண்டுகளில் நெடுந்தூரம் பலமுறை சுருங்கியது. கடைசிச் சில மைல் மெதுவாகவே சுருங்கியது. இன்று ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இணையவழியில் பலரோடு சேர்ந்து விளையாடும் இளைஞர்கள் 'லேக்' என்று சொல்லும் தாமதமும் இதே வரலாற்றைச் சேர்ந்ததுதான்.

பாதை, தந்தி, ரயில்

ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கொழும்பு–கண்டிப் பாதை அமைந்தது. 1832இல் அந்தப் பாதையில் தபால் குதிரை வண்டி ஓடத் தொடங்கியது. கோப்பித் தோட்டங்கள் பெருகிய அக்காலத்தில் ஐரோப்பாவின் செய்தி கப்பலில் காலித் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்குப் போய், பிறகு மலையேறியது. காலிக்கும் கொழும்புக்கும் இடையிலான நேரத்தைக் குறைக்க 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகை 1850 முதல் புறாக்களைப் பயன்படுத்தியது. கிரிமியப் போர்ச் செய்திகள் அந்தப் புறாக்களின் கால்களில் கட்டப்பட்டு வந்தவை. 1858இல் காலி–கொழும்புத் தந்தி இணைப்பு திறந்ததும் புறாக்களுக்கு வேலை இல்லாமற் போனது.

தோட்ட முதலாளிகளுக்கு விரைவு என்பது பணம். 1854இல் கண்டியில் உருவான தோட்டச் சொந்தக்காரர் சங்கம் பாதைக்காகவும் ரயிலுக்காகவும் அரசை ஓயாமல் நெருக்கியது. 1867இல் ரயில் கண்டியை எட்டியது. அதே ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டார். 1869இல் இலைத்துரு நோய் தாக்கிய பின் கோப்பி படிப்படியாக அழிய, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. ரயில் பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1894இல் பண்டாரவளைக்கும் நீண்டு, 1924இல் பதுளையில் முடிந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை 1903–04இல் அமைக்கப்பட்ட குறுகிய பாதை 1940களில் மூடப்பட்டது.

1870இல் இங்கிலாந்துக்கும் பம்பாய்க்கும் இடையே கடலடித் தந்தி முழுமை பெற்றது. கப்பலில் வாரக்கணக்கில் வந்த இலண்டன் விலை நிலவரம் மணிக்கணக்கில் வரத் தொடங்கியது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் ஆரம்பமானது. மலைநாட்டுத் துரைமாரின் பங்களாக்கள் உலகச் சந்தையோடு இறுகப் பிணைக்கப்பட்டன.

பங்களா வரை வந்த விரைவு

தந்தியும் ரயிலும் பட்டணத்தோடு நின்றன. அங்கிருந்து தோட்டத்துக்குச் செய்தி கொண்டுவந்தவர் தப்பால்காரர். ஒவ்வொரு தோட்டமும் இதற்கென ஒருவரை வைத்திருந்தது. அவர் தோல் பையோ சாக்குப் பையோ சுமந்து, தேயிலை மலைகளூடே தபால் கந்தோருக்கு நடந்து போய், பங்களாவுக்கும் தோட்டக் கந்தோருக்கும் வேண்டியதை எடுத்து வருவார். மழையும் மண்சரிவும் அட்டைக் கடியும் அந்த நடையின் பகுதி.

லயத்தில் வாழ்ந்த தொழிலாளருக்குத் தனி முகவரி இருக்கவில்லை. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வந்தது. கந்தோரில் பிரிக்கப்பட்டு, வேலைக்கு ஆட்கூட்டும் பிரட்டுக்களத்திலோ கங்காணி, கணக்கப்பிள்ளை மூலமாகவோ கைக்குப் போய்ச் சேர்ந்தது. சில நேரம் சேராமலும் போனது. தமிழ்நாட்டிலிருந்து கொழும்பு வரை சில நாளில் வந்துவிட்ட கடிதம் கந்தோர் மேசையில் வாரக்கணக்கில் கிடக்க முடிந்தது. எதிர்த்திசையில் மட்டும் விரைவு இருந்தது: விடியற்காலையில் தப்பு அடித்தும் கொம்பு ஊதியும் வேலைக்கு அழைக்கும் ஓசை எல்லா லயங்களையும் ஒரே நேரத்தில் எட்டியது.

1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவையும் இரு கரை ரயில்களும் இணைந்து 'போட் மெயில்' பாதை உருவானது. திருச்சி, மதுரை, சேலம் மாவட்டக் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் இடையே ஆட்களும் கடிதங்களும் மணியோடர்களும் அந்த வழியாகவே போய்வந்தன. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரு நாடுகளுக்கும் பிரித்தபோது கடிதமே உறவின் ஒரே இழையாக மிஞ்சியது. அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து நடந்த கப்பல் சேவையும் 1980களில், உள்நாட்டுப் போர் தொடங்கிய பின் நின்றது.

தலைக்கு மேலே சென்ற அலைகள்

1925இல் கொழும்பு வானொலி தொடங்கியது. 1982இல் ரூபவாஹினித் தொலைக்காட்சியின் ஒளிபரப்பு நிலையம் நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையில், 2,524 மீற்றர் உயரத்தில் நிறுவப்பட்டது. அங்கிருந்து புறப்பட்ட அலை நாட்டின் பெரும்பகுதியை எட்டியது; அதன் அடியிலேயே இருந்த பல லயங்களில் மின்சாரம் இல்லை. கார் பற்றரியைக் கொண்டு தொலைக்காட்சி பார்த்த குடும்பங்கள் இருந்தன.

தொலைபேசியும் துரையின் பங்களாவுக்கும் கந்தோருக்குமே முதலில் வந்தது. தோட்ட நிலம் அரசுக்கு உரியது. 1970களில் தேசியமயமாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்கு மாறிய பின்னும் லயம் தொழிலாளருக்குச் சொந்தமாகவில்லை. கம்பி இழுக்கவும் இணைப்புப் பெறவும் நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். எனவே 1990களில் கொழும்பில் வேலைக்குப் போன பிள்ளைகளோடும் மத்திய கிழக்குக்குப் போன பெண்களோடும் பேச, தோட்ட மக்கள் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பட்டணங்களின் 'கொமினிகேஷன்' கடைகளில் வரிசையில் நின்றார்கள்.

இந்த நிலையை மாற்றியது கைத்தொலைபேசி. 1989இல் தென்னாசியாவின் முதல் கைத்தொலைபேசிச் சேவையை செல்டெல் இலங்கையில் தொடங்கியது. 1995இல் டயலொக் வந்தது. கம்பியும் முகவரியும் தேவைப்படாத முதல் இணைப்பு இதுவே. 2006இல் மூன்றாம் தலைமுறைச் சேவையும், 2013ஐ ஒட்டி நான்காம் தலைமுறைச் சேவையும் அறிமுகமாயின. கடலடியிலும் இழைக் கேபிள்கள் பெருகின: 2005இல் சீ-மீ-வீ 4 கொழும்பிலும், 2006இல் தூத்துக்குடியிலிருந்து வந்த பாரத்–லங்கா கல்கிசையிலும், 2016இல் சீ-மீ-வீ 5 மாத்தறையிலும் கரையேறின.

மில்லி விநாடியில் அளக்கப்படும் தூரம்

ஃப்ரீ ஃபயர் விளையாட்டு 2017இலும் பப்ஜி மொபைல் 2018இலும் வெளிவந்த பின், மலையக இளைஞர்களுக்கு இணைப்பின் தரம் நாள்தோறும் கண்ணில் படும் எண்ணானது. அந்த எண் பிங்: கருவியிலிருந்து புறப்பட்ட தரவு விளையாட்டின் சேவையகத்தை அடைந்து திரும்ப எடுக்கும் நேரம். அதோடு வேறு இரண்டு குறைகளும் உண்டு. பிங் நிலையாக இல்லாமல் ஏறி இறங்குவது ஒன்று. தரவுப் பாக்கெட்டுகள் வழியில் தொலைந்துபோவது மற்றது. நிலையான 80 மில்லி விநாடியில் நன்றாக விளையாடலாம். 40க்கும் 300க்கும் இடையில் தாவும் இணைப்பில் விளையாட முடியாது.

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். ஆகவே ஒவ்வொரு 1,000 கிலோமீற்றருக்கும் போய்வர 10 மில்லி விநாடி ஆகும். கொழும்பிலிருந்து மும்பைக்கு நேர்க்கோட்டில் 1,500 கிலோமீற்றர். குறைந்தது 15 மில்லி விநாடி. சிங்கப்பூருக்கு 2,700 கிலோமீற்றர், குறைந்தது 27. இலண்டனுக்கு 8,700, குறைந்தது 87. கேபிள்கள் வளைந்து செல்வதால் உண்மை அளவு இதைவிடக் கூடும். கண்ணாடி இழையில் இந்த எல்லையை உடைக்க முடியாது. அருகிலுள்ள சேவையகத்தைத் தேர்ந்தெடுப்பதே வழி. பூமியிலிருந்து 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதி வழியே போய்வர அரை விநாடி ஆகிவிடும். ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் செய்மதிகளில் அந்தச் சிக்கல் இல்லை. அச்சேவை இலங்கையில் 2025 ஜூலையில் தொடங்கியது. ஆனால் அதன் கட்டணம் தோட்டச் சம்பளத்துக்கு எட்டாதது.

தவிர்க்க முடியாத தாமதத்தை மறைக்க விளையாட்டு ஆக்குநர்கள் வழி கண்டார்கள். 1996இல் ஜோன் கார்மாக்கின் குவேக்வேர்ல்ட் விளையாட்டு, சேவையகத்தின் பதிலுக்குக் காத்திராமல் வீரரின் அசைவைக் கருவியே முன்கணித்துக் காட்டும் முறையைப் பரவலாக்கியது. சுட்டவர் தம் திரையில் கண்ட நேரத்துக்குச் சேவையகம் பின்னோக்கிச் சென்று குறி தைத்ததா என்று பார்க்கும் முறையை, வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001இல் விரிவாக விளக்கி எழுதினார். தொலைந்த பாக்கெட்டை மீண்டும் கேட்டுக் காத்திருக்கும் டிசிபி நெறிமுறைக்குப் பதிலாக, காத்திராமல் முன்னே செல்லும் யுடிபி நெறிமுறையை வேக விளையாட்டுகள் பெரிதும் கையாளுகின்றன.

லயத்தில் லேக் பிறக்கும் இடங்கள்

கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு 130 கிலோமீற்றர் அளவான பாதை. இழையில் போய்வர ஒன்றரை மில்லி விநாடி கூட ஆகாது. மலையகத்து வீரரின் பிங் கூடுவதற்குக் கொழும்புக்கும் ஹட்டனுக்கும் உள்ள தூரம் காரணமல்ல. கைத்தொலைபேசிக் கோபுரத்துக்கும் லயத்துக்கும் இடையிலுள்ள ஓரிரு கிலோமீற்றரே காரணம்.

முதற் காரணம் நில அமைப்பு. கோபுரங்கள் முகட்டிலும் பட்டணத்திலும் நிற்க, லயங்கள் பள்ளத்தாக்கின் மடிப்புகளில் இருக்கின்றன. மேட்டு லயத்தில் முழுச் சிக்னல் இருக்கும்போது பணிய லயத்தில் ஒன்றும் இல்லாமற் போவது இதனால்தான். உயர் அலைவரிசை அதிகத் தரவைச் சுமந்தாலும் மலையைச் சுற்றி வளைவதில்லை; தாழ்ந்த அலைவரிசை நெடுந்தூரம் எட்டினாலும் கொள்ளளவு குறைவு. இரண்டாவது காரணம் தகரக் கூரை. உலோகத் தகடு வானொலி அலையைத் திருப்பிவிடுவதால் வீட்டுக்குள் வரும் சிக்னல் வாசலில் உள்ளதைவிட மிகவும் பலவீனமானது. பலவீனமான சிக்னலில் பாக்கெட்டுகள் சிதைந்து மீண்டும் மீண்டும் அனுப்பப்பட, பிங் தாவுகிறது. மூன்றாவது நெரிசல்: வேலை முடிந்து மாலையில் எல்லோரும் ஒரே கோபுரத்தை நாடுகிறார்கள்.

தீர்வுகளும் இந்தக் காரணங்களுக்கு ஏற்பவே அமைகின்றன. ரவுட்டரை வீட்டின் நடுவே வைக்காமல் ஜன்னலோரம் வைப்பது முதற்படி. கூரைக்கு மேலே கம்பத்தில் திசை அன்டெனாவைப் பொருத்திக் கோபுரத்தை நோக்கித் திருப்பினால் பெரும் மாற்றம் தெரியும். எடுக்க வேண்டிய அளவு சிக்னலின் வலு மட்டுமல்ல, அதன் தெளிவும்தான். கணினியில் ஆடுவோர் வைஃபையை விட்டு லேன் கம்பியைப் பயன்படுத்த வேண்டும். கைத்தொலைபேசியில் ஆடுவோர் ரவுட்டருக்கு அருகே 5 கிகாஹேர்ட்ஸ் வைஃபையைத் தேர்ந்தெடுக்கலாம். விளையாடும்போது பின்னணிப் பதிவிறக்கமும் படங்களின் தானியங்கிப் பதிவேற்றமும் நிற்க வேண்டும்.

ஒரே இணைப்பைப் பல வீடுகள் பகிரும் லயங்களில் இன்னொரு குறை உண்டு. ஒருவர் காணொளி ஏற்றும்போது ரவுட்டரின் நினைவகத்தில் பாக்கெட்டுகள் நீண்ட வரிசையாகத் தேங்கி, எல்லோருடைய பிங்கும் ஏறும். இதைத் தீர்க்க கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் 2012இல் கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறையை வெளியிட்டார்கள். அது உள்ள ரவுட்டரில் வேக வரம்பை உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே வைத்தால், ஒருவரின் பதிவேற்றம் மற்றவரின் ஆட்டத்தைக் குலைக்காது.

விளையாட்டுக்கு அப்பால்

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்கு மாறின. மலைநாட்டுப் பிள்ளைகள் பாறையிலும் மரத்திலும் ஏறிச் சிக்னல் தேடினார்கள். விளையாட்டில் லேக்காகத் தெரிந்த குறை அன்று கல்வி இழப்பாகத் தெரிந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டபோது கோபுரங்களின் பற்றரிகளும் தாக்குப்பிடிக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மண்சரிவுகளில் மலையக மாவட்டங்களின் மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்தன. உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று அறிய நாட்கணக்கில் காத்திருந்தவர்கள் பலர்.

அன்டெனாவும் லேன் கம்பியும் ஒரு வீட்டின் தாமதத்தைக் குறைக்கும். ஒரு தோட்டத்தின் தாமதத்தைக் குறைக்க, பள்ளத்தாக்குகளை நோக்கிய சிறு கோபுரங்களும், மின்வெட்டைத் தாங்கும் பற்றரிகளும், ஒன்று அறுந்தால் மற்றொன்று உதவும் இரட்டை இழைப் பாதைகளும், லயத்து வாசல் வரை கண்ணாடி இழையும் வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தன் பெயரில் முகவரியும் நிலமும் இருந்தால்தான் அந்த இழையைக் கேட்டுப் பெறும் உரிமையும் அதற்கு இருக்கும். தந்திக் காலத்திலிருந்து விடுபட்டுப்போன அந்தக் கடைசிச் சில மைல்களை முடித்துக் கொடுப்பது அரசும் தோட்டக் கம்பனிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் மலையகத்துக்குச் செலுத்த வேண்டிய கடன்.