எச்சம்

'எஞ்சு' என்னும் வினையிலிருந்து வந்த பெயர், எஞ்சி நிற்பது. முற்றுப்பெறாத சொல்வடிவங்களுக்குப் பெயரெச்சம், வினையெச்சம் என்று இலக்கணத்தில் பெயரானது இதனால்தான். பிள்ளைகள் என்ற பொருளும் உண்டு: 114ஆம் குறளில் வரும் எச்சத்துக்குப் பரிமேலழகர் கொண்ட பொருள் மக்கள். ஆனால் 238ஆம் குறளில் வள்ளுவர் எச்சம் என்பது புகழை. பிள்ளை வேண்டாமென்று தெளிந்து முடிவெடுத்தவர்களைப் பார்த்து 'உங்களுக்குப் பின் என்ன இருக்கும்?' என்று கேட்போர், இந்த இரண்டாம் பொருளை அவசியம் படிக்க வேண்டும். கற்பித்த மாணவர்களும் எழுதிய பக்கங்களும் எச்சமே. பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் இன்னும் ஒருபடி மேலே போனார்: உடல்நலம், பொருளாதாரம் என்று மற்றவர்கள் காரணம் சொன்ன கர்ப்பத்தடையை, அவர் பெண்ணின் சுதந்திரத்துக்காகவே கேட்டார்.