ஹொங்கொங் துறைமுக நிலநிரப்பும் கடற்படையின் எதிர்ப்பும்

ஹொங்கொங் தீவின் வடகரையில் கடலை நிரப்பி நிலமாக்கக் காலனி அரசு 19ஆம் நூற்றாண்டில் வகுத்த திட்டங்களைப் பிரித்தானியக் கடற்படை தொடர்ந்து எதிர்த்தது. எதிர்ப்பால் நிரப்பு வேலை நின்றுவிடவில்லை. கடற்படை முகாமின் எல்லை வரை வந்து நின்றது. முகாமுக்கு அப்பால் மறுபடி தொடங்கியது. இதனால் ஒரே நகரத்தின் மேற்குப் பாதியும் கிழக்குப் பாதியும் கடலோரமாக ஒரு வீதியால் இணைய முடியாமல் நூறு ஆண்டுகளுக்கு மேல் பிரிந்து கிடந்தன.

1841 சனவரியில் பிரித்தானியர் கைப்பற்றிய அத்தீவில் சமநிலம் மிகக் குறைவு. செங்குத்தான மலை கடலை நோக்கி இறங்கி வருகிறது. மலைக்கும் நீருக்கும் இடையே மெல்லிய கரைதான் இருந்தது. அந்தக் கரையின் நடுப்பகுதியைப் படைத்துறை தனக்கென எடுத்துக்கொண்டது. மலைப் பக்கத்தில் தரைப்படையின் குடியிருப்புகளும் கடற்பக்கத்தில் கடற்படையின் தளமும் எழுந்தன. மேற்கே வணிகர்களின் மாளிகைகளும் கிடங்குகளும் நிறைந்த விக்டோரியா நகர மையம். கிழக்கே வான் சாய். குயின்ஸ் வீதி இரண்டு முகாம்களுக்கும் நடுவே புகுந்து நகர மையத்தையும் வான் சாயையும் இணைத்தது. சரக்கு வண்டியும் பல்லக்கும் சுமைக் கூலியாட்களும் அந்த ஒரே வழியாகத்தான் போயாக வேண்டும்.

கடலோரக் காணி வைத்திருந்த வணிகர்கள் தத்தம் காணிக்கு முன்னால் கல்லும் மண்ணும் கொட்டி, யாரும் கேட்காத நிலத்தைத் தாங்களாகவே சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இதை ஒழுங்குபடுத்தி, கரை நெடுகிலும் ஒரே சுவரும் ஒரே வீதியும் அமைக்கும் திட்டத்தை ஆளுநர் ஜோன் பௌரிங் 1855 இல் முன்வைத்தார். கரையோர வீதிக்கு அங்கே போர்த்துக்கேய வழக்கில் 'பிராயா' என்று பெயர். டென்ட் நிறுவனத்தார் முன்நின்று எதிர்த்ததால் 1859 பெப்ரவரியில் அது சட்டவாக்க சபையில் தோற்றது. அடுத்து வந்த ஆளுநர் ஹேர்குலிஸ் றொபின்சன் காலத்தில் சுவர் துண்டு துண்டாக வளர்ந்தது. வணிகரோடு வழக்காடியும் பேரம் பேசியும் அவர்களைப் படிப்படியாக வழிக்குக் கொண்டுவர அரசால் முடிந்தது. படைத்துறையிடம் அது பலிக்கவில்லை.

அதற்குக் காரணம் நிருவாக அமைப்பில் இருக்கிறது. காலனி ஆளுநர் இலண்டனில் இருந்த குடியேற்ற நாட்டு அலுவலகத்துக்குப் பொறுப்பானவர். கடற்படைத் தளமோ கடற்படையை ஆண்ட அட்மிரல்டியின் சொத்து. தரைப்படைக் காணி போர் அலுவலகத்துக்குரியது. மூன்றும் ஒரே முடியின் பெயரால் இயங்கினாலும் ஒன்றுக்கு மற்றொன்று கட்டளையிட முடியாது. துறைமுகத்தில் நின்ற கடற்படைத் தலைவர் மறுத்துவிட்டால், ஆளுநர் செய்யக்கூடியது இலண்டனுக்குக் கடிதம் எழுதுவது மட்டுமே. தந்திக் கம்பி 1871 இல்தான் ஹொங்கொங்கை எட்டியது. அதற்கு முன்னர் கேள்விக்கு மறுமொழி வர மாதங்கள் பிடித்தன. வந்த மறுமொழியும் பெரும்பாலும் தளத்தின் பக்கமே சாய்ந்தது. பேரரசின் கீழைக் கடல் வணிகத்தைக் காத்து நிற்கும் கப்பல்களுக்கு முன்னால், ஒரு நகரத்தின் வீதி வசதி சிறிய விடயமாகவே எண்ணப்பட்டது.

கடற்படையின் நிலையில் நின்று பார்த்தால் எதிர்ப்பு புரிந்துகொள்ளக் கூடியதுதான். பொருட்களை ஏற்றியிறக்கும் தளத்துக்கு ஆழமான நீர் வாசலிலேயே இருக்க வேண்டும். அதன் முன்னே பொதுவீதி ஒன்று ஓடினால் தளம் கரையிலிருந்து துண்டிக்கப்படும். வெடிமருந்தும் நிலக்கரியும் கயிறும் பாயும் ஊர் வண்டிகளைக் கடந்து போய்வர வேண்டியிருக்கும். தளத்தை விட்டுவிட்டு இருபுறமும் சுவரை முன்தள்ளினாலும் தொல்லை தீராது. நடுவில் குடாப் போன்ற ஒரு பள்ளம் உண்டாகி, அதில் வண்டலும் நகரக் கால்வாய்க் கழிவும் தேங்கும். நகரின் வடிகால்கள் அந்நாளில் நேரே கரையோரக் கடலில்தான் விழுந்தன. ஒஸ்பேர்ட் சட்விக் 1882 இல் எழுதிய சுகாதார அறிக்கை நகரின் வடிகால் சீர்கேட்டை விரிவாகச் சொல்கிறது. இவற்றோடு துறைமுகத்தின் அகலம் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது. கரை முன்னேற முன்னேற நங்கூரமிடும் பரப்புச் சுருங்கும். கிழக்கே லெய் யூ மூன் நீரிணைக்கும் மேற்கு வாசலுக்கும் இடையே மாறி மாறி ஓடும் வற்றுப்பெருக்கு நீரோட்டம் நடுவில் வேகமெடுக்கும்.

இவற்றுள் கடைசி வாதம்தான் பொதுநலம் சார்ந்தது. காலம் அதை மெய்ப்பித்தும் விட்டது. ஆனால் பிணக்கின் போக்கைத் தீர்மானித்தது அதுவன்று. தளத்துக்கு அப்பால், பிறர் காணிக்கு முன்னால் நடந்த நிரப்பைக் கடற்படையால் நிறுத்த முடியவில்லை. தன் வாசலில் மட்டும் அது அசையாமல் நின்றது. எனவே கடலைக் காக்கும் எதிர்ப்பு என்பதைவிட, கடல்முகப்பைத் தன்னிடமே வைத்திருக்கும் எதிர்ப்பு என்றே இதைக் கொள்ள வேண்டும்.

1874 செப்டெம்பரில் வீசிய பெரும் சூறாவளி ஆயிரக்கணக்கானோரைக் கொன்று பிராயாச் சுவரையும் உடைத்தது. மீளக் கட்டும்போதாவது முகாமின் முன்னால் வீதியைக் கொண்டுபோய் நகரை இணைத்துவிடலாம் என்ற பேச்சு மறுபடி எழுந்து, மறுபடி படைத்துறையின் மறுப்பில் முடிந்தது. குயின்ஸ் வீதியில் நாள்தோறும் சுமை சுமந்து சுற்றிப்போன சீன மக்களின் கருத்தை அந்த ஆண்டுகளில் எவரும் கேட்டதில்லை. சட்டவாக்க சபைக்கு முதல் சீனர் நியமனமானதே 1880 இல்தான்.

திட்டம் பெரிய அளவில் நிறைவேறியது கல்கத்தாவில் பிறந்த ஆர்மீனியர் ஒருவரின் முயற்சியால். 1864 இல் ஹொங்கொங் வந்து வணிகத்தில் உயர்ந்த போல் சேட்டர், 1887 இல் மத்திய பகுதிக் கரையை முழுமையாக முன்னோக்கி நகர்த்தும் யோசனையைக் கொடுத்தார். அவர் கண்ட வழி எளிமையானது: கடலோரக் காணிக்காரர் தம் முன்னால் நிரப்பும் செலவை ஏற்க வேண்டும், புதிய நிலம் அவர்களுக்கே சேரும், அரசுக்கு வீதியும் சுவரும் கிடைக்கும். 1889 இல் சட்டம் நிறைவேறியது. 1890 ஏப்ரலில் கொனோட் கோமகன் அடிக்கல் நாட்டினார். 1904 வாக்கில் வேலை முடிந்தபோது ஏறத்தாழ 60 ஏக்கர் புதுநிலம் எழுந்திருந்தது. கொனோட் வீதி, சேட்டர் வீதி இரண்டும் அந்த மண்மேல் போடப்பட்டவை.

சேட்டரின் வழி எல்லாக் காணிக்காரருக்கும் பொருந்தியது, கடற்படை ஒன்றைத் தவிர. வணிகருக்குப் புதுநிலம் இலாபம். விற்கவோ வாடகைக்கு விடவோ போகாத கடற்படைக்கு அதில் கிடைப்பது ஏதுமில்லை. ஆழநீர் வாசல் இழப்பாகும். சேட்டரின் நிரப்பு கடற்படைத் தளத்தின் மேற்கு எல்லையில் முடிந்ததற்குக் காரணம் இதுவே. வான் சாய்ப் பக்கக் கரை 1920களில் தனித் திட்டமாக, மொறிசன் மலையை வெட்டியெடுத்த மண்ணால் நிரப்பப்பட்டது. இரண்டுக்கும் நடுவே தளம் அப்படியே இருந்தது.

இதனிடையே கடற்படையே கடலை நிரப்பியது. 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தளத்தை விரிவுபடுத்திப் பெரிய உலர் கப்பல்துறை ஒன்றைக் கட்டுவதற்காக அட்மிரல்டி தன் முன்னுள்ள கடலை நிலமாக்கிக்கொண்டது. பிறர் நிரப்பினால் துறைமுகம் கெடும் என்ற வாதத்தின் வலு அத்துடன் போயிற்று. தளத்தை நகர நடுவில் இன்னும் ஆழமாக ஊன்றிவிட்ட இந்த விரிவாக்கமே முழுப் பிணக்கிலும் நகரத்துக்குப் பெருங்கேடாக அமைந்தது. 1897 முதல் அங்கே நிலையாக நின்ற 'தமார்' என்ற கப்பலின் பெயரே பின்னர் தளத்துக்கும் வழங்கியது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் தாக்கியபோது பிரித்தானியரே அக்கப்பலை மூழ்கடித்தார்கள்.

தடை அகன்றதும் பேரரசு சுருங்கியதனால்தான். தளத்தின் கப்பல் பட்டறை மூடப்படும் என்று 1957 இல் அறிவிப்பு வந்தது; அதே ஆண்டில் திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. பட்டறை 1959 இல் மூடப்பட்டு, உலர் துறை தூர்க்கப்பட்டு, ஹார்கோட் வீதி போடப்பட்டது. கிழக்கும் மேற்கும் கரையோரமாக இணைந்தன. பழைய தளத்தின் நினைவாக அவ்வட்டாரமும் அங்குள்ள சுரங்க இரயில் நிலையமும் இன்றும் ஆங்கிலத்தில் அட்மிரல்டி என்றே வழங்குகின்றன.

வன்னி வாசகருக்கு இந்த வரலாறு அந்நியமானதன்று. மாங்குளத்தில் கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரிகிறது. 2006 ஓகஸ்டில் கண்டி வீதி மூடப்பட்டபோது, ஒரு வீதி படையினர் கையில் இருப்பதன் விலையை அச்சந்தி அறிந்துகொண்டது. போருக்குப் பின் முல்லைத்தீவுக் கரையில் வட்டுவாகல் கடற்படை முகாமுக்காகக் காணி அளக்க வந்தவர்களை மக்கள் மறித்து நின்றதும் உண்டு. ஹொங்கொங்கில் ஆளுநராலேயே அசைக்க முடியாத வேலியை, இங்கே உறுதிக் காகிதத்தோடு எதிர்த்து நின்று கேட்பவர்கள் சாதாரண மீனவர்களும் விதவைகளும். அவர்களுடைய கேள்வி நியாயமானது.

ஹொங்கொங் துறைமுகச் சுருக்கம் பற்றிய பழைய எச்சரிக்கை 1990களில் வேறு வாய்களிலிருந்து வந்தது. கரைகள் இருபுறமும் நெருங்கி, மையப் பகுதியில் கடலின் அகலம் ஒரு கிலோமீட்டர் அளவுக்குக் குறுகிவிட்டது. செங்குத்துச் சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் சிறு படகுகளை அலைக்கழிக்கின்றன. 1995 இல் துறைமுகப் பாதுகாப்புச் சங்கம் உருவானது. 1997 இல் துறைமுகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மேலோங்கிய பொதுத் தேவை இருப்பதாக நிறுவினால் மட்டுமே இனிக் கடலை நிரப்பலாம் என்று 2004 சனவரியில் இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடற்படை தனக்காக வைத்திருந்த வாதம் அன்றுதான் பொதுமக்களின் உரிமையானது.

தமார் தளத்தின் படகுக் குடாவும் 1990களில் நிரப்பப்பட்டு, 2011 இல் அங்கே அரசுத் தலைமையகம் திறக்கப்பட்டது. ஆனால் 1994 இல் பிரித்தானியாவும் சீனாவும் செய்த பாதுகாப்புக் காணி உடன்பாடு, புதிய கரையில் 150 மீற்றர் நீளத்தைப் படைத்துறைக்கு ஒதுக்கியிருந்தது. அந்தத் துண்டை மக்கள் நடைபாதையாகவே விட வேண்டும் என்று நகரவாசிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2014 இல் நகரத் திட்டமிடல் சபை அதைப் படைத்துறைப் பயன்பாட்டு நிலமாக்க ஒப்புதல் கொடுத்தது. 2020 இல் அது சீன மக்கள் விடுதலைப் படையின் காவற்பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது.