பட்டறைக்குள் வந்த கணிப்பொறி

தோட்டத்து ஆலையில் ரப்பர் தகடு உருட்டும் உருளை தேய்ந்துபோனால், அதைக் கடைந்து சீர்செய்ய ஓர் இயந்திரப் பட்டறை வேண்டும். செம்பனை ஆலைக்கும் அப்படித்தான். இரும்பைக் கடையும் இத்தொழில் எவ்வாறு மாறி வந்தது, இன்று பட்டறைக்கு மென்பொருள் வாங்குகிறவருக்கு அந்த வரலாறு என்ன சொல்கிறது என்பதை இப்போது பார்ப்போம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இத்தொழில் வளர இரயில் பெரிதும் துணைநின்றது. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைப் பாழாக்கின. நகரைச் செங்கல்லால் மீண்டும் கட்டினார்கள். செங்கல் சூளைகள் இருந்த இடமே பிரிக்ஃபீல்ட்ஸ் ஆயிற்று. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகே உள்ள புக்கிட் கூடா வரை இரயில் ஓடியது. பின்னர் பிரிக்ஃபீல்ட்ஸில் இரயில்வே ஊழியர் குடியிருப்புகளும், செந்தூலில் பெரிய இரயில்வே பட்டறையும் எழுந்தன. இரயில்வேயில் நம்மவர் பலர் உழைத்தனர். அந்நாளில் கடைசல்காரரின் அளவு அவர் கண்ணிலும் கையிலும் இருந்தது. அவர் ஓய்வு பெற்றால் வித்தையும் அவரோடு வீட்டுக்குப் போயிற்று.

இந்நிலையை மாற்றிய முயற்சி அமெரிக்காவில் பிறந்தது. மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டருக்கு இறக்கை செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவைக் கையால் துல்லியமாக வெட்டுவது கடினம். வளைவைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு, அந்த எண்களைக் கொண்டே இயந்திரத்தை நகர்த்தலாம் என்று அவர் எண்ணினார். 1949-இல் அமெரிக்க விமானப்படை அவருக்கு ஒப்பந்தம் தந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் இதில் சேர்ந்தது. 1952-இல், துளையிட்ட காகித நாடா சொன்னபடி வெட்டும் இயந்திரத்தை அக்கழகம் இயக்கிக் காட்டியது.

ஆனால் நாடாவுக்கான எண்களை மனிதர் உட்கார்ந்து கணக்கிடுவது பெரும்பாடு. இந்த வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்க, டக்ளஸ் ராஸ் என்பவரின் தலைமையில் அதே கழகத்தில் 'ஏப்ட்' என்ற மொழி உருவாயிற்று. 1959-இல் அதைப் பத்திரிகையாளருக்கு அறிமுகப்படுத்தியபோது, அம்முறையில் வெட்டிய அலுமினியச் சாம்பல் கிண்ணத்தை நினைவுப் பொருளாகக் கொடுத்தார்கள்.

அன்று வகுத்த ஒரு முறை இன்றும் பயன்படுகிறது. வேலை இரண்டு படியாக நடக்கும். முதற்படியில், வெட்டுளி எந்த வழியில் போகவேண்டும் என்று கணிப்பொறி தீர்மானிக்கும். இரண்டாம் படியில், அந்த வழியை ஒரு குறிப்பிட்ட இயந்திரத்துக்குப் புரியும் ஆணைகளாக வேறொரு நிரல் மாற்றித் தரும். இதைப் பட்டறைகளில் 'போஸ்ட்' என்பார்கள். தோட்டத்தில் துரையின் உத்தரவைக் கிராணியார் கேட்டுவந்து நமக்குப் புரியும்படி சொன்னதைப் போன்றது இது. கிராணியார் தவறாகச் சொன்னால் வேலை கெட்டுவிடும் அல்லவா? இங்கே போஸ்ட் தவறினால், வேகமாகச் சுழலும் வெட்டுளி பிடிப்பானில் மோதும். இயந்திரம் பழுதாகும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

'எம் 03' என்றால் பெரும்பாலான இயந்திரங்களில் சுழல்தண்டு சுழலும். ஆனால் வெட்டுளி மாற்றவும், துளையிடவும் சொல்லும் முறை ஃபனுக், சீமென்ஸ், ஹைடன்ஹைன் என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பெட்டி வேறுபடும்.

நம் நாட்டுக்கு வருவோம். 1975-இல் சிரிம் நிறுவனம் அமைந்தது. 1983-இல் தொடங்கிய புரோட்டோன், 1985-இல் ஷா ஆலாம் ஆலையிலிருந்து சாகா காரை வெளியிட்டது. 1991-இல் இயந்திரத் தொழில் கற்பிக்க ஜெர்மன்-மலேசியக் கழகம் நிறுவப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போன காலத்தில், லயத்தை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் ஆலை வேலைகளுக்குப் போனார்கள்.

ஆகவே மென்பொருள் வாங்குகிற பட்டறைக்காரர் திரையில் தெரியும் வண்ணப் படத்தைக் கண்டு மயங்கக் கூடாது. 'எங்கள் இயந்திரத்துக்குப் போஸ்ட் இருக்கிறதா? அதில் பிழை வந்தால் யார் திருத்துவார்?' என்று முதலில் கேட்கவேண்டும். தம் பட்டறையில் அடிக்கடி வரும் ஓர் உருப்படியை, முதலில் மரத்திலோ மெழுகிலோ, விற்பனையாளரை வைத்தே வெட்டிப் பார்க்கவேண்டும். ஆண்டுதோறும் கட்டவேண்டிய தொகையையும், பயிற்சிச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்கவேண்டும். இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளியை அந்தப் பேச்சில் உட்காரவைக்கவேண்டும். வெட்டும்போது எழும் ஓசையையும் அதிர்வையும் அறிந்தவர் அவரே.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். நாடா வந்த நாள் முதல் பட்டறையில் இரண்டு வேலைகள் பிரிந்தன: ஆணையை எழுதுவது ஒன்று, பொத்தானை அழுத்துவது மற்றொன்று. கூலியும் மதிப்பும் எழுதுகிறவர் பக்கமே சாய்ந்தன. கணக்கும் வரைபடமும் கற்ற பிள்ளை, மகனானாலும் மகளானாலும், எழுதுகிற பக்கம் போகலாம். எந்த மென்பொருள் வந்தாலும் அந்தப் படிப்பு பழையதாகாது.