தஞ்சாவூர் ஓவியம்

தஞ்சாவூர் ஓவியம் என்பது மரப்பலகையில் துணியை ஒட்டி, அதன்மேல் சுண்ணப் பசைக் கலவையான மக்கால் புடைப்பு எழுப்பி, கற்கள் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, வண்ணம் தீட்டும் தென்னிந்திய ஓவிய முறை. 1565-இல் விஜயநகரம் வீழ்ந்தபின் ஓவியர்கள் புதிய ஆதரவு தேடித் தெற்கே வந்தார்கள். தஞ்சை நாயக்கர் அரசவை அவர்களுக்கு இடம் கொடுத்தது. ஆனால் இன்று நாம் காணும் வடிவம் முழுமை பெற்றது அடுத்து வந்த மராத்தியர் ஆட்சியில்தான். தீட்டியவர்களில் பெரும்பாலோர் ராஜு, நாயுடு சமூகத்தினர். தெலுங்கு மரபில் வந்த ஓவியர்கள், மராத்தி பேசும் அரசர், தமிழ் மண்ணின் கடவுளர் என்று மூன்று பக்கத்திலிருந்தும் சேர்ந்த இந்தக் கலையை ‘மாறாத பழமை’ என்று விளம்பரம் செய்வது வேடிக்கைதான். மரபுக் கலைகள் நவீன வாழ்க்கைக்கு ஏற்ப மாறுவதால் கெடுகின்றன என்ற பொதுக் கருத்துக்கும் இதன் வரலாறு ஒத்துவரவில்லை. மாறத் தயங்காத காலத்தில் விரிந்திருந்த கலை இது. ‘பாரம்பரியம்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கிய பிறகே குறுகியது.

மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜியின் காலம் இதற்கு நல்ல சான்று. 1799 ஒப்பந்தத்தின்படி நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனது. மன்னரிடம் கோட்டையும் மானியமும் மிஞ்சின. அரசவையை மட்டும் நம்பியிருக்க முடியாத ஓவியர்கள் ஐரோப்பிய அதிகாரிகளுக்கும் வரைந்தார்கள். ஊருக்குக் கொண்டுபோக அந்தத் துரைகளுக்குத் தங்கக் கிருஷ்ணர் தேவைப்படவில்லை. உள்ளூர் மனிதர்களின் படங்களையே பெரிதும் விரும்பினார்கள். அதனால் ஐரோப்பியத் தாளில், நீர்வண்ணத்தில், குயவரும் அவர் மனைவியும், நெசவாளரும் அவர் மனைவியும் என்று தொழிலுக்கு ஒரு தம்பதியாக வரைந்து தொகுப்புகளாக விற்றார்கள். ஐரோப்பியப் படங்களில் கண்ட நிழலும் உருண்ட உடலமைப்பும் இவர்கள் கைக்கும் பழகின. அபிரகத் தகட்டிலும், கண்ணாடியின் பின்புறத்தில் தலைகீழ் வரிசையில் தீட்டும் முறையிலும் படங்கள் வந்தன. பலகையில் கடவுளை எழுதிய அதே பட்டறை மரபு அரசர்களின் உருவப்படங்களையும் எழுதியது.

1855-இல் தஞ்சையின் கடைசி மராத்திய மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறக்க, தஞ்சை அரசு முடிவுக்கு வந்தது. வாங்குபவர்கள் செல்வர் வீட்டுப் பூஜையறையினரும் பஜனை மடத்தினரும் ஆனார்கள். பிறகு போட்டி அச்சகத்திலிருந்து வந்தது: 1894-இல் ஓவியர் ரவிவர்மா தொடங்கிய அச்சகமும் அதன்பின் பெருகிய காலண்டர் படங்களும் லட்சுமியையும் சரஸ்வதியையும் எளிய வீடுகளுக்குள் மலிவாகக் கொண்டுசேர்த்தன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பயிற்சி வகுப்புகளும் கைவினைக் கண்காட்சிகளும் கலையை மீட்டன. ஆனால் மீண்டுவந்தது அதன் ஒரு பகுதிதான். குயவர் தம்பதிகள் அருங்காட்சியகங்களில் தங்கிவிட்டார்கள்; கடைக்கு வந்தவை வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணரும் ராமர் பட்டாபிஷேகமும் கஜலட்சுமியும். அச்சுப்படம் தர முடியாத தங்கத்தையும் புடைப்பையும் பற்றிக்கொண்டால்தான் தனி விலை கிடைக்கும் என்பது காரணம். 2007-இல் கிடைத்த புவிசார் குறியீடு பெயருக்குப் பாதுகாப்புத் தந்தது; கூடவே இந்தக் கலைக்கு இதுதான் உருவம் என்ற எண்ணத்தையும் இறுக்கியது.

பொருள்கள் மாறியதே சீரழிவு என்பது வழக்கமாகக் கேட்கும் குறை. பலாப்பலகை போய் பிளைவுட் வந்தது. புளியங்கொட்டைப் பசையின் இடத்தில் ஃபெவிகால். தாவர, கனிம வண்ணங்களின் இடத்தில் போஸ்டர் வண்ணமும் அக்ரிலிக்கும். ரசாயனப் பசை நூறாண்டு தாங்குமா என்ற கவலையில் நியாயம் உண்டு. ஆனால் கலையின் உயிர் பலகையில் இல்லை, வேலையின் வரிசையில் இருக்கிறது. கோடு எழுதியபின் சுண்ணப் பொடியும் பசையும் குழைத்த மக்கைத் தூரிகையால் படிப்படியாக ஏற்றுகிறார்கள். ஆபரணத்தின் ஒவ்வொரு மணியும் தனி மேடாக நிற்க வேண்டும். அது காய்ந்தபின் ரேக்கை அழுத்தினால்தான் பொன் பள்ளத்தில் இறங்கி, மேட்டில் ஒளி பிடிக்கும். முகத்தையும் கண்ணையும் கடைசியில் எழுதுவார்கள். மக்கு வேலையை அவசரத்தில் முடித்தால், பலாப்பலகையும் அசல் தங்கமும் இருந்தும் படம் தட்டையாகவே தெரியும்.

எல்லாம் மாறலாம் என்றால் எதையும் தஞ்சாவூர் ஓவியம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்கலாம். கூடாது. அச்சடித்த கிருஷ்ணர்மேல் கல் ஒட்டி விற்பது இந்த மரபின் தொடர்ச்சி ஆகாது. அங்கே ஓவியருக்கு வேலையே இல்லை. மாற்றத்தை எடைபோட இந்த அளவுகோல் போதும்: கோடு எழுதவும் மக்கு ஏற்றவும் தெரிந்தவருக்குக் கூலி கிடைக்கிறதா? கம்பெனிக் காலப் படங்களில் தங்கம் இல்லாவிட்டாலும் கோட்டுக்குக் கூலி இருந்தது. வாங்குபவர் கடவுள் படத்தைத்தானே கேட்கிறார், ஓவியர் என்ன செய்வார் என்ற வாதம் முந்தைய கேள்வியைவிட வலுவானது. வயிற்றுப்பாட்டை ஒதுக்கிவிட்டுக் கலை பேச முடியாது. ஆனாலும் கேட்பவரின் ஆசையை உருவாக்குவதில் கடைக்கும் வகுப்புக்கும் பங்குண்டு. பல பயிற்சி வகுப்புகள் தயாராக வரைந்த உருவத்தைப் பலகையில் படியெடுத்துத் தருகின்றன. மக்கும் ரேக்கும் கற்கிற மாணவர் கோடு கற்பதில்லை. புது உருவம் எழுதத் தேவையானது அந்தக் கோடுதான். சரபோஜி கால ஓவியர் தெருவில் கண்ட நெசவாளரைத் தாளில் கொண்டுவந்ததும் அதை வைத்துத்தான்.